மணற்காட்டுக்கு ஏற்ற ரயர்

கொழும்புத்துறைச் சந்தியோகுவின் லொறி வருகிறது என்பதை அறிய யாரும் வீதியை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. முன்னால் மீன் மணம் வரும், பின்னால் பூனைகள் வரும். பாசையூர் மீன்கரையில் தொடங்கி யாழ்ப்பாணப் பட்டணத்துச் சந்தை வரைக்கும் பூனைகள் வரிசை குலையாமல் ஓடிவருமாம். வீதி வளையும் முடக்குகளில் இடப்பக்கம் ஒதுங்கி மாட்டுவண்டிகளுக்கு வழியும் விடுமாம். இதில் மிகை கொஞ்சமும் இல்லை. மிகைப்படுத்துகிறவர்கள் அந்தப் பூனைகள் கைகாட்டித் திரும்பின என்றுகூடச் சொல்கிறார்கள்.

லொறி சின்னது. முன்னால் இரண்டு பேர் நெருங்கி இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி. நாலு சக்கரத்து ரயரும் ஒல்லி. அப்பளத்தை நிமிர்த்தி வைத்ததுபோல இருக்கும். தார் வீதியில் அவை நன்றாகவே ஓடின. ஆனால் சந்தியோகுவின் மகள் பெர்னடெட் வாழ்க்கைப்பட்டது தார் வீதி இல்லாத மணற்காட்டில்.

மணற்காட்டு மணல் ஓரிடத்தில் நிற்கிற சாதி இல்லை. வாடைக்காற்று அடித்தால் குன்று குன்றாக எழும்பி நடக்கும். அவ்வூர்க்காரன் ஒருவன் மத்தியானம் தென்னைமரத்தடியில் படுத்துத் தூங்கி, பொழுதுபடக் கண் விழித்தபோது இளநீர்க்குலை அவன் மூக்கில் இடித்ததாம். மரம் வளரவில்லை. அவன்தான் மணலோடு உயர்ந்திருந்தான்.

பெர்னடெட்டின் கலியாணம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளை யாகோப்பும் மணற்காட்டுக்குப் போனார்கள். சில நாள் போனதும் பெண் வீட்டார் பலகாரத்தோடு போய் அழைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் கால்மாறிப் பெண் வீட்டுக்கு வந்து அங்கேயே குடியிருப்பார்கள். அழைக்காமல் வந்தால் மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லை. கொழும்புத்துறை வீட்டைச் சந்தியோகு சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார். முன்பாதி அவர்களுக்கு, பின்னறை தனக்கு. மனைவி மேரி திரேசா முன்னமே காலமாகிவிட்டதால் பின்னறையே அவருக்குப் போதுமாயிருந்தது.

அழைக்க அவர் லொறியில்தான் போனார். லொறிக்காரன் சம்பந்தி வீட்டுக்கு வேறெதில் போவது? மணற்காட்டின் முதற்பனையைக் காணும் முன்பே நாலு ரயரும் அச்சு வரைக்கும் புதைந்தன. ஊர் கூடியது. யாகோப்பின் தகப்பன் இன்னாசித்தம்பி ஒரு சோடி எருதைக் கொண்டுவந்து பூட்டினார்.

"சம்மந்தி, உங்கடை லொறிக்கு இனி வைக்கல் போடுறதோ, எங்கடை மாட்டுக்குப் பெற்றோல் ஊத்துறதோ? ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோ!"

சனம் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். இன்னாசித்தம்பி சொன்னதில் விஷம் இல்லை, ஆனால் சந்தியோகுவுக்கு அது எலும்பு வரைக்கும் இறங்கியது. எருதுகள் லொறியை இறுகிய தரையில் விட்டதும் அவர் அதன் படியில் ஏறி நின்றார்.

"என்ரை லொறி தன்ரை காலிலை வந்து உங்கடை வாசலிலை நிக்கும். அண்டைக்குத்தான் நான் மோளைக் கூப்பிடுவன். அதுக்கு முந்திக் கூப்பிட்டால் நான் அந்தோனி மகன் சந்தியோகு இல்லை!"

திரும்பிவிட்டார். மகள் வீட்டு வாசலைக்கூடக் காணவில்லை. பலகாரப் பெட்டி ஆசனத்திலேயே இருந்தது. பயற்றம்பணியாரத்தைத் தனியே தின்று முடிக்க அவருக்கு ஒரு கிழமைக்கு மேல் சென்றது.

பிறகு ஒரு வருடம் போனது. அவர் அழைக்கவில்லை, அவர்கள் வரவில்லை. வீட்டின் முன்பாதியை அவர் நாள்தோறும் கூட்டினார். ஆள் நடமாடாத அறையில் எங்கிருந்து குப்பை வந்ததோ, கூட்டக் கூட்டக் கொஞ்சம் சேர்ந்துகொண்டேயிருந்தது. முற்றத்து மணலில் விடியற்காலையில் செருப்போடு நடப்பார், பின்னேரம் வெறுங்காலோடு நடப்பார். இரண்டு பேர் வந்துபோன தடம் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கியது.

ஒல்லி ரயர்கள் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கியபோது சந்தியோகுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டணத்தில் ரயர்க்கடை வைத்திருந்த செபநாயகத்திடம் போனார்.

செபநாயகம் இரண்டு ரயர்களைச் சுவரில் சாத்தி வைத்தான்.

"இது உங்கடை லொறிக்கு வந்த அளவு, சந்தியோகண்ணை. இது கொஞ்சம் அகலம். மானிப்பாய், சுன்னாகம் எண்டு ஓட இது திறம்."

"அந்த மூலையிலை நிக்கிறது?"

"அது மலைநாட்டுத் தோட்டத்து லொறிக்கு எடுப்பிச்சது. நீங்கள் அதைப் பாக்காதேயுங்கோ."

அவர் அதைத்தான் பார்த்தார். கொழுத்த பன்றிபோல, கறுப்பாக, கர்வமாக நின்றது. அதன் வெட்டுகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுதாக மறைந்தது.

"மலையிலை ஏறினால் மணல்மலையிலையும் ஏறுந்தானே?"

"ஏறும் அண்ணை, ஏறும். ஆனால் றிம் மாத்த வேணும். மட்கார்ட்டை வெட்டவேணும். ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரிக் கிடக்கும், நடு அளவே உங்களுக்குப் போதும்." செபநாயகம் குரலைத் தாழ்த்தினான். "உள்ளதைச் சொல்லுங்கோ. மோளைப் பாக்கத்தானே? வல்லிபுரத்திலை லொறியை விட்டிட்டு நடந்தால் என்ன?"

"நான் உன்னட்டை நடக்கிறதைப் பற்றிக் கேக்க வரேல்லை. ரயரைப் பற்றிக் கேக்க வந்தனான்."

நாலும் பூட்டப்பட்டன. விலையைக் கேட்டுக் கதையின் மானத்தை வாங்கவேண்டாம்.

லொறி எழும்பி நின்ற உயரத்தில் சந்தியோகுவுக்கு யாழ்ப்பாணத்து வேலிகளெல்லாம் குட்டையாகிவிட்டன. வீதியால் போகும்போது வளவுகளும் கிணற்றடிகளும் குசினிகளும் தெரிந்தன. பெண்கள் ஓலை வேலியை உயர்த்தி அடைக்கச் சொல்லிப் புருஷன்மாரை நெருக்கினார்கள். அந்த வருடம் பனையோலை விலை ஏறியதற்கு மழையைக் காரணம் சொன்னவர்கள் விஷயம் தெரியாதவர்கள். சந்தியோகுவோ கிணற்றடியைப் பார்க்கவில்லை. தாழ்வாரங்களில் தகப்பனும் பிள்ளைகளும் வட்டமாக இருந்து சாப்பிடுவதைத்தான் பார்த்தார். பார்த்தால் உடனே ஹோர்னை அடித்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். லொறிக்காரர்களுக்குள் காற்றுக் குறைந்த ரயர் என்பது அவிழ்ந்த சாரத்தோடு சந்தைக்குப் போவதுபோல. மணற்காட்டுக்குப் புறப்படுகிற அன்று காலை, தோள் விட்டுப்போகும் வரைக்கும் நாலு ரயருக்கும் பம்ப் அடித்தார். விரல் மொழியால் தட்டினால் ரயர் ஓசை கொடுத்தது. பக்கத்து வீட்டுக் கிழவி அதைக் கோயில் மணியென்று நினைத்து முழந்தாளில் விழுந்து செபம் சொல்லத் தொடங்கினாள். பாதிச் செபத்தில் அவர் இரண்டாவது ரயரைத் தட்டினார். கிழவி முதலிலிருந்து தொடங்கினாள்.

பாதி வழியில், வீடோ மரமோ இல்லாத வல்லை வெளியில் காற்று லொறியைப் பக்கவாட்டில் தள்ளியது. அவர் மடியில் புதுப் பலகாரப் பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டினார். வல்லிபுரத்தில் கடைசி வீடுகளும் முடிந்து மணல் தொடங்கியது. லொறி ஏறியது! பழைய இடத்தைத் தாண்டியது. முதற்பனையைத் தாண்டியது. சந்தியோகு பாடத் தொடங்கினார். இரண்டாவது அடி பாடும்போது லொறி நின்றுவிட்டது.

கல்லுப்போல இறுகிய ரயர்கள் கத்திபோல மணலை வெட்டி உள்ளே இறங்கின. முடுக்க முடுக்க இன்னும் இறங்கின. எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், இன்னாசித்தம்பியின் ஓலை வீடு இருந்தது. அவர் மகள் இருக்கிற வீட்டை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். வாசலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. இறங்கி நடந்தால் ஒரு சுருட்டுப் பற்றவைப்பதற்குள் போய்விடலாம்.

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி வந்தாள். வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சியின் நடை. மணலில் மெல்ல, ஆறுதலாகக் கால் வைத்து வந்தாள். கிட்ட வந்த பிறகுதான் அது தன் மகள் என்று அவருக்கு விளங்கியது. பிள்ளை உண்டான செய்தியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கு அவரிடம் யார் போனார்கள்?

"இறங்குங்கோ, அப்பு."

"வாசலிலை கொண்டந்து விட்டிட்டுத்தான் இறங்குவன்."

"மாமா மாட்டைப் பிடிச்சுக்கொண்டு வாறன் எண்டார். நான்தான் வேண்டாமெண்டு மறிச்சுப்போட்டு வந்தனான்."

"மாடு வந்தால் நான் கடலுக்குள்ளை இறங்கிப் போயிடுவன்."

"எத்தினை மாசம் அப்பு! நான் அந்தப் பனையடியிலை வந்து நிண்டு பாக்காத நாள் இல்லை. நீங்கள் ரயர் பாத்துக்கொண்டு திரிஞ்சியளோ?"

"இது மலைநாட்டு ரயர், பிள்ளை. தட்டிப் பார். கல்லு. ஒரு பொட்டுக் காத்துக் குறைஞ்சால் மரியாதை இல்லை."

பெர்னடெட்டுக்கு முகம் சிவந்தது. தாய் மேரி திரேசாவின் கோபம் அப்படியே வந்து இறங்கியது. "உங்களுக்குக் காத்துத்தான் பெரிசு, என்ன?" என்று குனிய முடியாத வயிற்றோடு குனிந்து, முன் ரயரின் வால்வு மூடியைக் கழற்றிக் கொண்டையூசியால் உள்ளே அழுத்தினாள். காற்றுச் சீறியது. அவர் "ஐயோ" என்று கத்துவதற்குள் அடுத்ததுக்குப் போய்விட்டாள். கடைசி ரயர் சீறும்போது கரையிலிருந்த காகங்கள் எல்லாம் கடலுக்கு மேலே பறந்து, அன்று பொழுதுபடும் வரைக்கும் திரும்பவில்லை.

ரயர்கள் பாதி இறங்கிச் சப்பளிந்து, ஒட்டகக் கால்போலப் பரந்து கிடந்தன. அவமானம் தாங்காமல், எங்கேயாவது ஓடித் தொலைவோமென்று சந்தியோகு எஞ்சினை முடுக்கினார். லொறி ஒரு குலுக்குக் குலுக்கி மணலின் மேலே ஏறியது. ஏறி, வள்ளம்போல ஆடிக்கொண்டு, தன் பாட்டில் போய் இன்னாசித்தம்பியின் வாசலில் காய்ந்த மீனை மிதிக்காமல் நின்றது.

இன்னாசித்தம்பி வெளியே வந்தார். ரயரைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். இந்த முறை அவருக்குப் பகிடி வரவில்லை.

"வாங்கோ சம்மந்தி. உள்ளுக்கு வாங்கோ."

சந்தியோகு பலகாரப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். மனப்பாடம் பண்ணி வைத்ததை நின்ற நிலையிலேயே சொன்னார். "பிள்ளையளைக் கால்மாறிக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். வீடு கூட்டிக் கிடக்கு."

யாகோப்பு தலை குனிந்துகொண்டான். உள்ளேயிருந்து அவனுடைய தாய் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டாள். அவளுடைய கண் சந்தியோகுவுக்குப் பக்கத்திலிருந்த வெறும் இடத்தைப் பார்த்தது.

பெர்னடெட் தகப்பனின் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள்.

"அப்பவே கூப்பிட்டிருந்தால் வந்திருப்பம் அப்பு. இப்ப இவர் கரைவலையிலை பங்கெடுத்திட்டார். மாமிக்குக் கண் தெரியேல்லை. நான் எப்பிடி விட்டிட்டு வாறது?"

இந்த ஊருக்கு வந்துசேர எந்த ரயர் வேண்டும் என்று யோசித்த மனிதர், வந்துசேர்ந்த பிறகு நடக்கப்போவதை ஒருநாளும் யோசித்திருக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாங்கோ," என்றாள் மகள். "நண்டு வைச்சிருப்பன். ஒவ்வொரு ஞாயிறும் வாங்கோ."

மத்தியானம் அங்கேயே சாப்பிட்டார். யாகோப்பின் தாய் அவருடைய இலையில் தடவித் தடவி மீன் வைத்தாள். பொழுது சாயமுன் புறப்பட்டார்.

வல்லிபுரத்தில் தார் தொடங்குகிற இடத்தில் தேத்தண்ணிக்கடைப் பொடியள் இரண்டு பேர் லொறியைக் கண்டு எழும்பினார்கள்.

"அண்ணை! நாலும் இறங்கிப்போய்க் கிடக்கு. பம்ப் தரட்டே?"

"பம்ப் இருக்கு."

"பேந்தென்ன? அடியுங்கோவன். உப்பிடி ஓடினால் ரயர் கிழிஞ்சு போடும்."

சந்தியோகு இறங்கி நாலு ரயரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பெருவிரலை வைத்து அழுத்தினார். அமிழ்ந்தது.

"ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் வரவேணும்," என்றார். "இருக்கட்டும்."

லொறி நடக்கிற வேகத்தில் போனது. பின்னால் வந்த புகையிலை மாட்டுவண்டி ஒன்று மணியை ஆட்டி வழி கேட்டது. வண்டில்காரன் தாண்டும்போது, "என்னண்ணை, மாடு களைச்சுப் போச்சோ?" என்றான்.

"ஓம்," என்று சொல்லிச் சந்தியோகு லொறியை ஓரத்துக்கு எடுத்து வழி விட்டார். வல்லை வெளி இன்னும் முழுதாகக் கிடந்தது.