மார்கழி விருந்தாளிகள்

தியாகலிங்கம் தன் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக இருந்தவர். கலிபோர்னியாவில் எஞ்சினியராக உழைத்து ஓய்வு பெற்றதும், மகள் நிலானியின் பக்கத்தில் இருப்போம் என்று நியூசிலாந்தின் ஒக்லாந்தில் வீடு வாங்கி மனைவியோடு வந்தார். வந்து இறங்கியது தொண்ணூற்றேழு மார்கழியில். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

"மார்கழியில குடிபூர ஏலாது. பிள்ளை வயித்தோட இருக்கிறாள். தை பிறக்கட்டும்" என்றாள் மனைவி இராசமலர்.

மகளின் பிளாட்டில் இடமில்லை. ஆகவே இராசமலர் ஒரு வழி கண்டாள். புது வீட்டில் இருக்கலாம், ஆனால் குடியிருக்கக் கூடாது! பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. பாயில்தான் படுக்கை. சமையல் கராஜில், கூடாரமடித்துத் தங்கப் போகும்போது கொண்டுபோகும் சின்னக் காஸ் அடுப்பில். பாவம் மனுசன் கால் நீட்டி உட்கார்ந்தால், "விருந்துக்கு வந்த இடத்தில ஒழுங்கா இருங்கோவன்!" என்ற அதட்டல் வேறு. எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

தை பிறந்தது, பால் பொங்கியது, கட்டில் வந்தது. பிறகு நிலானிக்கும் சுகப்பிரசவம். அப்பாடா என்று அவர் மூச்சுவிட்ட நேரத்தில் கலிபோர்னியா வரிக் கந்தோர் கூப்பிட்டது.

சங்கதி இதுதான். ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் அவர் ஜனவரி முதல் வாரத்தில் எடுத்திருந்தார். அந்த மாநிலத்தை விட்டுப் போனபின் எடுத்தால் மாநில வரி கிடையாது. அங்கே குடியிருக்கும்போது எடுத்தால் உண்டு. வரிக் கந்தோருக்கு விலாச மாற்றத்தை எழுதி அனுப்பியவள் இராசமலர். குடியேறிய திகதி கேட்ட இடத்தில், பால் காய்ச்சிய தை மாத நல்ல நாளைப் பயபக்தியோடு போட்டுவிட்டாள். அப்படியென்றால் ஜனவரித் தொடக்கத்தில் நீங்கள் எங்கள் ஆட்கள்தானே என்று பிடித்துக்கொண்டது மாநிலம்.

ஒக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் கணக்காளராக இருந்த பழனிவேல் மதுரைக்காரர். விஷயத்தைக் கேட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சார், டிசம்பர்லயே குடிவந்துட்டோம்னு எழுதிக் கொடுத்த மேடமே வரி ஆபீஸ்ல இருந்து போன் வர்றப்ப ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இல்லன்னா மார்ட்கேஜ் அடைக்க வச்சிருக்கிறதுல பெரிய துண்டு போயிடும். நீங்க மறுபடி வேலைக்குத்தான் போகணும்."

இந்த வயதில் விரிப் பகுதிக் கிடங்குகளில் போய்ப் பெட்டி தூக்குவதா? நினைத்ததுமே அவருக்கு இடுப்பு வலித்தது.

"இஞ்சேரும், ஒரு சொல்லுத்தானே. சொல்லிவிடும்" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கெஞ்சினார்.

"மார்கழியில குடிபூந்தனாங்கள் எண்டு என்ர வாயால வராது. பேரப்பிள்ளை தொட்டிலில கிடக்குது."

"அப்ப அந்த நேரம் எங்கை இருந்தனாங்கள்? பிளேனிலையோ?"

"விருந்தாளியா இருந்தனாங்கள்."

"ஆரின்ர வீட்டில?"

"எங்கட வீட்டிலதான்!"

தியாகலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

வரிக் கந்தோர் சொன்ன நாளில் தொலைபேசி அடித்தது. பக்கத்தில் இருந்த பழனிவேல் எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரைப் போட்டார். வரி அதிகாரி ஒரு பெண். நேரே இராசமலரிடமே ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஜனவரி முதல் வாரத்தில் உங்கள் வீடு ஒக்லாந்திலா?"

"இல்லை."

தியாகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு!

"அப்படியானால் கலிபோர்னியாவில்?"

இராசமலருக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கேயா? வீட்டை விற்று, திறப்பைக் கொடுத்து, சாமிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பிளேன் ஏறினேன். திரும்பிப் போக அங்கே எனக்கு என்ன இருக்கிறது?"

"பிறகு வீடு எங்கேதான்?"

"வீடு இல்லை. அப்போது எங்களுக்கு வீடே இல்லை."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "நீங்கள் இங்கிருந்து போய்விட்டீர்களா என்பதுதான் எங்களுக்குத் தேவை. எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்பது எங்கள் பிரச்சினை இல்லை. விற்ற பத்திரத்தின் பிரதியை அனுப்புங்கள், வரி வராது" என்று அவள் வைத்துவிட்டாள்.

பழனிவேல் கை தட்டினார். தியாகலிங்கத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எடியப்பா! உம்மட விருந்தாளிக் கூத்து எங்களைக் காப்பாத்திப்போட்டுது!"

இராசமலர் சிரிக்கவில்லை.

"கூத்தோ? கொழும்பு வீட்டுக்கு மார்கழியில போவம், நாள் பாக்கிறதெல்லாம் விசர்க்கதை எண்டனீங்கள். ஞாபகமிருக்கோ?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. அடுத்த ஆடியில், எண்பத்து மூன்றில், தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்த கலவரத்தில், தெருவில் நின்று இருவரும் அந்த வீடு எரிவதைப் பார்த்தார்கள். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"மார்கழியால எரியேல்லை எண்டு எனக்கும் தெரியுமப்பா," என்றாள். "ஆனா இன்னொருக்கா நிண்டு பாக்க என்னால ஏலாது."