காற்றுத் தலையணை

காலையிலிருந்து மூன்றாம் முறையாகத் தம்பி அந்தக் காற்றுத் தலையணையில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். எங்கோ ஓர் ஊசித் துளை. மணிக்கு ஒருதரம் சப்பிப்போனது. அண்ணன் படுத்து நாலு மாதம் ஆகிறது. படுத்தால் மூச்சு அடைத்துவிடும். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் உறக்கம், பாவம்.

"பாத்துடா, வெடிச்சிரப் போவுது" என்றார் அண்ணன். அதற்கே இரண்டு முறை மூச்சு வாங்கினார். "நீ கத்திரிக்கான்னு கூவுனா... மூணாவது தெரு நாய் எந்திரிக்கும்."

தெருத்தெருவாகக் காய் விற்கிற தம்பி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஆலை நர்ஸம்மா வர்றாங்க தம்பி. பழைய ரிப்போர்ட்டையும் கொண்டாரச் சொல்லியிருக்கேன். வருசா வருசம் நல்லாருக்குன்னுதானே எழுதுனாங்க? ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கல்லைப் பொடியாக்கும் ஆலையில் அண்ணன் பதினெட்டு வருடம் மூட்டை பிடித்தார். மூக்கில் கட்டிய துணியையும் தாண்டி உள்ளே போகிற மாவு அது. வருடத்துக்கு ஒருமுறை நுரையீரலைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு வண்டி வரும். குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். ஊத முடியாதவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்று ஆலைக்குள் பேச்சு. 'என் அட்டையை மாட்டிக்கிட்டு நீ போய் ஊதிட்டு வாடா' என்று அண்ணன் கேட்டார். ஒரே முகஜாடை; அட்டையிலிருந்த படமோ மங்கிப்போனது. மூன்று வருடம் தம்பிதான் ஊதினான். முதல் வருடம் பெருமையாகக்கூட இருந்தது. அண்ணிக்கு ஒன்றும் தெரியாது.

"நான் கெளம்புறேன் அண்ணி. வண்டியில காய் வாடுது."

"உங்கண்ணன் வாடுறது தெரியலையா? உக்காருங்க."

நர்ஸம்மா வந்து நாடி பார்த்தார். கையை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் காகிதங்களை விரித்தார்.

"எனக்கே வெளங்கலைம்மா. போன வருசம் ஊதுனதைப் பாருங்க, ஓட்டப்பந்தயத்துக்கே அனுப்பலாம். கொஞ்சம் கொறஞ்சிருந்தாக்கூட அப்பவே தூசியிலேருந்து எடுத்திருப்போம்."

"எடுத்து? வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க" என்றாள் அண்ணி.

"யாரும்மா சொன்னா? அப்படி ஒம்போது பேரு இருக்காங்க. கம்ப்யூட்டர்ல சரக்குப் பதியக் கத்துக்குடுத்துக் கிடங்குக்கு மாத்தினோம். அதே சம்பளம். மருந்தும் சாப்பிடுறாங்க, வேலைக்கும் வர்றாங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டினோமே?"

"போர்டா?" அண்ணன் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. "அது மேல... ஒரு விரக்கடை மாவுல்ல இருக்கும்."

இருமலில் உடம்பு ஒருபக்கம் சரிந்தது. அவர் கை தம்பியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தது.

"காத்து எறங்குது தம்பி, ஊதுங்க!" என்றாள் அண்ணி.

நர்ஸம்மா பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மெதுவாக ஊத நினைத்தான். அண்ணனின் தலை துவண்டு விழுந்துகொண்டிருந்தது. இழுத்து, முழு மூச்சாக இரண்டே ஊது. தலையணை கல்லாகிவிட்டது.

நிமிர்ந்தபோது நர்ஸம்மாவின் கண் அவன் நெஞ்சின்மேல் இருந்தது. பிறகு காகிதத்துக்குப் போனது. மறுபடி அவனிடம் வந்தது. அந்தக் கண் போய்வந்த வழியே அண்ணியின் கண்ணும் போய்வந்தது.



"நாந்தான்" என்றார் அண்ணன், மனைவியைப் பார்த்து. "நாந்தான் அவனைப்... போவச் சொன்னேன்."

மணிக்கட்டில் பிடி இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தளர்ந்தது. நர்ஸம்மா குனிந்து பார்த்துவிட்டுக் காகிதங்களை மடித்தார்.

அண்ணி அழவில்லை. பாயை உதறி விரித்தாள். ஓரத்துச் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"நாலு மாசமா உக்காந்தே இருந்தாரு. இனிமே படுக்கட்டும். அதை எடுங்க."

தம்பி அண்ணனைத் தாங்கிப் பாயில் கிடத்தினான். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தான். வெதுவெதுப்பான காற்று அவன் முகத்தில் பட்டது. நின்றுவிடும் நின்றுவிடும் என்று உட்கார்ந்திருந்தான். அது வந்துகொண்டே இருந்தது.