ஏரிக்கரையிலிருந்து நாலாவது

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் நிலத்து முள்ளை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறவன் நான். செஞ்சியைச் சுற்றி நான் டிராக்டர் இறக்காத காடு கிடையாது. சொந்தக் காட்டில் மட்டும் ஒரு நாள்கூட இறக்கியதில்லை.

சொந்தக் காடு என்றால் ஒரு ஏக்கர். என்னைப் பெற்ற நைனாவுக்கு அரசாங்கம் கொடுத்தது. எங்கள் தெருவில் ஒன்பது குடும்பத்துக்கு, ஏரிக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு ஏக்கர் அளந்து, கல் நட்டு, பட்டாவைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீருக்கும் வழி சொல்லவில்லை, ஏர் போவதற்கும் வழி விடவில்லை. இரண்டு மழைக்குள் சீமைக்கருவேலம் ஏறி வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் போயிற்று. நைனா ஏரிக்கரையில் நின்று கையை நீட்டி, "நாலாவது நம்முது" என்று காட்டுவார். காட்டியதோடு சரி, உள்ளே கால் வைத்ததில்லை. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பட்டா என் பெயருக்கு மாறியது, முள் அப்படியே நின்றது.

போன மாதம் நோட்டீஸ் வந்தது. பட்டா வாங்கியவரே பயிர் செய்ய வேண்டுமாம். தரிசாகப் போட்டிருந்தால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். பௌர்ணமியன்று காலை பத்து மணிக்கு வருவாய்த்துறை ஆர்.ஐ. வந்து பார்ப்பார் என்று போட்டிருந்தது. இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு இப்போது என்ன அக்கறை என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? நோட்டீஸ் வந்த வீட்டுக்கெல்லாம் பதில் மனு எழுதிக் கொடுத்தது நான்தான். பாதிப் பேர் சென்னைக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள், போனால் போகட்டும் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நைனா கை நீட்டிக் காட்டியே செத்துப்போன நிலம், என் காலத்தில் கைவிட்டுப் போகக்கூடாது என்றிருந்தது.

நான் வேலை பார்ப்பது மல்லிநாதன் ஐயாவிடம். சமணர் வீடு. அவருடைய டிராக்டருக்கு முன்னால் இரண்டு இரும்புக் கை, அதன் நுனியில் பல் பல்லாக ஒரு வாய். வெட்டிப் போட்ட முள்ளைக் கவ்வித் தூக்கும். ஊரில் அதை நண்டு என்பார்கள். நண்டுக்கு ஒரு நாள் ஓய்வு கிடையாது, சதுர்த்தசி தவிர. அன்று ஐயா வீட்டில் விரதம், பூச்சி புழு சாகும் என்று ஏரோ டிராக்டரோ மண்ணில் இறங்காது. பௌர்ணமிக்கு முந்தின நாள் சதுர்த்தசி. அந்த ஒரு நாளைத்தான் நான் கேட்டேன்.

எனக்கு இல்லையென்று சொல்லவும் ஐயாவுக்கு வாய் வரவில்லை, சரியென்று சொல்லவும் வரவில்லை. கடைசியில் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார்.

"வேரப் புடுங்காத. வெட்டிப் போட்டத மட்டும் அள்ளு. அள்றதுக்கு முன்ன ஒவ்வொரு குவியலயும் குச்சியால தட்டி நில்லு, உள்ள இருக்கறது வெளிய போவட்டும். நெருப்பு வைக்காத. பொழுது சாயறதுக்குள்ள சாவி என் கையில இருக்கணும்."

வெட்டுவது எங்கள் பாடு என்றாகிவிட்டது. பத்து நாள் வெட்டினோம். என் வீட்டுக்காரி மீனம்பாள் பகலெல்லாம், நான் வண்டி விட்டு வந்து இருட்டும்வரை. கூப்பிடாமலே மூன்றாவதாக ஒருத்தி அரிவாளோடு வந்து நின்றாள், பூங்குழலி. எதிர்வீடு. புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்து இரண்டு வருஷம். அந்த ஒன்பதில் அவர்களுக்கும் ஒன்று உண்டு. அவளால் தனியாக என்ன செய்ய முடியும்? "என்னுது போனா போவுதுண்ணா, உங்களுதாவது நிக்கட்டும்" என்றாள். முழங்கை வரை முள் கிழித்துக்கொண்டு பத்து நாளும் வெட்டினாள். மீனம்பாள் கட்டாயப்படுத்திக் கொடுத்த சோற்றைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

சதுர்த்தசியன்று காலை ஆறு மணிக்கு வண்டியை இறக்கினேன். நண்டுக்கு இரண்டு லிவர். ஒன்று தூக்க, ஒன்று வாயை மூட. வாயைத் திறந்து, கீழ்ப்பல்லைத் தரையோடு ஒட்டினாற்போல வைத்து, குவியலுக்குள் மெல்ல நுழைய வேண்டும். அவசரப்பட்டால் பல் மண்ணைக் கவ்வும். முள் ஒன்றாகச் சேர்ந்ததும் வாயை மூடி, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உயரத் தூக்கினால் பின்சக்கரம் எழும்பிவிடும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். குச்சியால் தட்டிவிட்டுக் காத்து நிற்பதுதான் வராது.

இறங்கு, தட்டு, நில், ஏறு. என் இடுப்பு ஏற்கெனவே போன இடுப்பு. பத்துத் தடவை ஏறி இறங்கியதிலேயே கால் மரத்துப்போயிற்று. பொறுமைக்கும் எனக்கும் ஆகாது, அது ஊருக்கே தெரியும். ஐயா என்ன இங்கே வந்து எட்டியா பார்க்கப்போகிறார் என்று பதினோராவது குவியலில் தட்டாமலே லிவரில் கை வைத்தேன். மீனம்பாள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததை ஞாபகப்படுத்தும் பார்வை. இறங்கித் தட்டினேன். கீரி ஒன்று ஓடியது. அடுத்ததில் ஓணான். அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை, அதற்கும் நின்றேன். இந்த நிலத்துக்காக நைனா எத்தனை ஆபீஸ் வாசலில் இப்படி நின்றிருப்பார்?

நான் அள்ள அள்ளப் பின்னாலேயே பெண்கள் இரண்டு பேரும் களைக்கொட்டால் மண்ணைக் கீறிக் கொள்ளு விதைத்துக்கொண்டு வந்தார்கள். அடிக்கட்டை நின்றால் நிற்கட்டும், நடுவில் கொள்ளு கிடந்தால் அதுவும் பயிர்தான் என்பது மீனம்பாள் கணக்கு. மத்தியானம் கோட்டை மலை காய்ந்து அனல் அடித்தது. குடத்துத் தண்ணீர் சுட்டது. நாலு மணிக்கு முக்கால் நிலம் விதைத்தாகிவிட்டது. மூலையில் நாலு குவியல்தான் பாக்கி. எனக்கு முதன்முறையாக, முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் வந்தது.

மூலைக் குவியலைத் தூக்கியதும் கீழே எல்லைக்கல் நின்றது. முழங்கால் உயரம். கொத்தியிருந்த எண்ணில் மண் அப்பியிருந்தது. இறங்கித் துடைத்தேன். ஐந்து.

என்னுடையது நாலு. மனு எழுதியவன் நான், ஒன்பது எண்ணும் எனக்கு மனப்பாடம். கல்தான் தப்பு என்று ஒரு நிமிஷம் கல்லையே திட்டினேன். பிறகுதான் உறைத்தது. ஏரிக்கரையை ஒட்டி ரோடு போட்டபோது முதல் துண்டை எடுத்துக்கொண்டார்கள். அந்த ரோட்டுக்கு ஜல்லி அடித்தவனே நான்தான். நைனா எண்ணியபோது அந்த முதல் துண்டு இருந்தது. நான் எண்ணியபோது அது ரோட்டுக்கு அடியில் கிடந்தது. கரையிலிருந்து நாலு எண்ணி, ஐந்தாவதில் அரிவாளை வைத்திருக்கிறேன். சொந்த நிலத்தில் ஒரு நாள் நடந்திருந்தால் எவனுக்காவது இந்தத் தப்பு வருமா? என்னுடையது பக்கத்தில், ஒரு கிளை குறையாமல் பச்சையாக நின்றது.

ஐந்து பூங்குழலியுடையது.

அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து விதைத்துக்கொண்டிருந்தாள். கல்லைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். நண்டுக்கு அந்தக் கல் தூசு. கவ்வி, இரண்டு ஆட்டு ஆட்டி, எடுத்து முள் குவியலுக்கு அடியில் போட்டுவிட்டால் நாளைக்கு வருகிறவர்களுக்கு நான் காட்டுவதுதான் நாலு. ஏறி உட்கார்ந்தேன். வாயைத் திறந்து கல்லின் இரண்டு பக்கமும் பல்லைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிறுத்தினேன்.

அவள் சேலையில் அங்கங்கே இரத்தம் காய்ந்திருந்தது. தன் நிலம் என்று தெரியாமலே தன் நிலத்தில் எனக்காக ரத்தம் விட்டிருக்கிறாள். அதையும் நான் எடுத்துக்கொண்டால் சோறு எப்படி இறங்கும்? வண்டியை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கல்லைக் காட்டினேன்.

"இது உன்னுதும்மா" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. மீனம்பாளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, எண்ணத் தெரியாத மனுஷனுக்கு வாக்கப்பட்டேனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். விதைத்ததைத் திரும்பப் பொறுக்கவா முடியும்? பூங்குழலி அழவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. களைக்கொட்டைப் போட்டுவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு நேராக என் நிலத்துப் புதருக்குள் நுழைந்து வெட்ட ஆரம்பித்தாள். பின்னாலேயே நாங்களும் போனோம். பொழுது சாயும்வரை மூன்று பேரும் வெட்டியதில் ஒரு மாட்டுக்கொட்டகை அளவுக்கு இடம் தெரிந்தது.

சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா வாசலிலேயே நின்றிருந்தார். எதுவும் சாகவில்லையே என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். வேலை முடிந்ததா என்றார். முடிந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் பதினொன்றரைக்கு ஜீப் வந்தது. ஆர்.ஐ. ஒரு அம்மாள், கெட்டிக்காரி, கையில் வரைபடம் வைத்துக்கொண்டு கல் கல்லாகப் பார்த்தார். இரண்டு, மூன்று, தரிசு. நாலில் எட்டிப் பார்த்துவிட்டு ஐந்துக்கு வந்தவர் நின்றுவிட்டார். விதைத்த மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். ஆள் வைத்து வெட்டினீர்களா, இல்லை வேறு யாருக்காவது குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களா, வேறு ஆள் பயிர் செய்தால் செல்லாது என்று பூங்குழலியைக் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது.

"அதுவேதாங்க மேடம் வெட்டுச்சி. நாங்க பாத்தோம்" என்றேன்.

ஆர்.ஐ. அம்மாள் என் பக்கம் திரும்பினார். நாலு யாருடையது என்று கேட்டார். சொன்னேன். என்ன தொழில் என்றார். டிராக்டர், அதுவும் முள் அள்ளும் டிராக்டர் என்று கூட வந்த கிராம உதவியாளர் எடுத்துக்கொடுத்தார். அந்த அம்மாளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"புருஷன் இல்லாத பொம்பள, ஒத்த ஆளா ஒரு ஏக்கர் முள்ள வெட்டி விதைச்சிருக்காங்க. கையில டிராக்டர வெச்சுக்கிட்டு நீங்க கொட்டகை அளவு இடத்த சுத்தம் பண்ணியிருக்கீங்க. வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

பூங்குழலி வாயைத் திறந்தாள். மீனம்பாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இருக்குதுங்க மேடம்" என்றேன்.

தரிசு என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டார். முந்தின நாள் முழுக்க லிவர் பிடித்த கை, பேனா நிற்கவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தேன்.