பேர் வெட்டிய மாத்திரை

என் தங்கை சித்ராதேவி மூச்சு விட முடியாமல் ஓவர்லாக் தையல் மிஷின் மேலேயே சாய்ந்தபோது, சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் முதலில் அவள் கைக்கடியில் கிடந்த பீஸைத்தான் உருவினார். அழுக்குப் பட்டால் ரிஜெக்ட் ஆகிவிடுமாம். நாசமாய்ப் போக.

பல்லடம் ரோட்டில் இருக்கிறது அந்த பனியன் கம்பெனி. தூத்துக்குடிப் பக்கமிருந்து நாங்கள் இருவரும் வந்து நான்கு வருஷம் ஆகிறது. லைனில் முப்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். போனவள் திரும்பி வந்து அதைக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். தீட்டு நாளில் இது யாருக்குப் போதும்? அதற்கும் மகுடேஸ்வரனிடம் வழி இருந்தது. பட்டன் டப்பாவில் தீட்டை அடக்க மாத்திரை வைத்திருப்பார். அட்டையில் பேர் இருக்கிற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கையில் வைப்பார். "போட்டுக்கோங்க கண்ணு, ஒண்ணும் ஆகாதுங்க" என்பார். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. அந்த மரியாதையைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

சித்ராவுக்கு அந்த மாதம் ரத்தப்போக்கு அதிகம். ஷிப்மென்ட் வாரம் வேறு. தினம் மூன்று மாத்திரை கொடுத்தார். அப்படியும் நிற்கவில்லை என்று அவள் அழுதாள். எனக்கும் அதே பாடு என்று பொய் சொல்லி நானும் மூன்று வாங்கி அவளுக்கே கொடுத்தேன். ஐந்து நாள் இப்படி. நான்காம் நாள் அவளுடைய இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. பெடல் மிதித்த வலி என்று நினைத்து, எண்ணெய் தேய்த்து, வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன், புத்தி கெட்டவள்.

காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று கேட்டார். என் பர்ஸில் ஒன்று மிச்சமிருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு எழுத்துகூட இல்லை. இது என்னவென்று தெரியாமல் எதை நம்பி மருந்து ஏற்றுவது என்று அவர் கோபப்பட்டார்.

ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்கு ஓடினேன். அது சும்மா வலி மாத்திரைதான், பேரெல்லாம் ஞாபகம் இல்லை என்று மகுடேஸ்வரன் இழுத்தார். நான் அவரைத் தள்ளிவிட்டு மேஜை டிராயரை உருவித் தரையில் கொட்டினேன். பட்டன்கள் லைன் முழுக்க உருண்டன. அத்தனை மிஷினும் நின்றது. அடியில் வெட்டாத அட்டை ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவரும் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

டாக்டரம்மா அட்டையைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்தார். "ரத்தம் கட்டினா அதைக் கரைக்க நம்ம ரத்தத்துலயே பிளாஸ்மின்னு ஒரு நொதி உருவாகும்மா. இந்த மாத்திரை அதை உருவாக விடாது. கட்டி கரையாம நிக்கும். தினம் எத்தனை சாப்பிட்டா? சரியாச் சொல்லணும்."

மகுடேஸ்வரன் முந்திக்கொண்டார். "மூணுதானுங்க. கணக்காத்தான் குடுத்தேனுங்க."

நானும் தலையாட்டியிருந்தால் என் தலை தப்பியிருக்கும். உள்ளே என் தங்கை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு" என்றேன். "மூணு இவரு குடுத்தது. மூணு நான் வாங்கிக் குடுத்தது. ரெண்டு பேரு பேரையும் எழுதிக்கோங்கம்மா."

அந்த மனுஷன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. தப்பு யாருடையது என்று பார்த்தீர்களா என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா கத்தரித்த மாத்திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுல பேரை வெட்டினது யாரு?"

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேர் பேரையும் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மூன்றாம் நாள் சித்ரா கண் திறந்தாள். மாஸ்க்கை விலக்கி ஏதோ முனகினாள். குனிந்து காதைக் கொடுத்தேன். பாத்ரூம் போக வேண்டுமாம்.

"அக்கா, டோக்கன் யாருட்ட இருக்கு?" என்று கேட்டாள்.