போறேன் என்று சொன்ன கணினி

அந்த அலுவலகத்தின் உடம்பில்லாத கணினிகள் எல்லாம் கோயம்புத்தூருக்கு மேலே மேகங்களில் குடியிருந்தன. தினமும் காலையில் வஞ்சிக்கொடி தான் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டி, யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பாள். இருப்பவை பதில் சொல்லும். தும்பை என்ற சிறிய கணினி மட்டும் கூடவே, "சாப்டீங்களாக்கா?" என்றும் கேட்கும். அவளை அப்படிக் கேட்க வேறு யாரும் இல்லாததால், பசிக்காத நாட்களிலும் சாப்பிட்டுவிட்டே வந்தாள்.

அன்று தும்பை பதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். மருதமலைப் பக்கம் அதன் மேகம் இருந்த இடத்தில் வெறும் நீலம்.

மேலாளர் பிரான்சிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து போறப்ப என்னங்க சொல்லுச்சு?"

"போயிட்டு வர்றேன்" என்று சொல்லிப் போன கணினிக்கு இடம் காத்திருக்கும். "போறேன்" என்று சொன்னதை அழித்துவிடுவார்கள். அலுவலக வழக்கம் அது.

"போறேன்னுதாங்க சார் சொல்லுச்சு. சின்னது. யாரும் சொல்லித் தரலீங்க."

"நீங்க சொல்லித் தந்திருக்கலாமில்லீங்க?"

"எங்கிட்ட சொல்லிட்டுப் போறவங்க யாரும் இல்லீங்க. எனக்கும் தோணாமப் போச்சு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சாப்பாட்டு நேரம் வரைக்கும் தேடுங்க. கெடைக்கலீன்னா அழிச்சரலாம்."

பாலக்காட்டு மேகங்களைக் கேட்டாள். ஊட்டிப் பனியைக் கேட்டாள். இல்லை என்றே வந்தது. கடைசியில் கேள்வியிலிருந்து இடத்தின் பெயரையே எடுத்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டினாள். திரையில் பதில் வந்தது:

தும்பை. இடம்: வஞ்சிக்கொடியின் தலைமுடி. நிலை: ஈரம்.

இரவு மழை பெய்திருந்தது. மொட்டைமாடி வாளியில் நிறைந்திருந்த தண்ணீரில்தான் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

"அப்பக் கொண்டைய அவுத்தராதீங்க," என்றார் திரையை எட்டிப் பார்த்த பிரான்சிஸ். "காஞ்சா கெளம்பிரும். இன்னொருக்கா போறேன்னு சொல்லுச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க." அவள் தலைக்கு மேலிருந்த ஃபேனை நிறுத்திவிட்டுப் போனார்.

புழுக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் தன் கொண்டைக்குச் சொல்லிக்கொடுத்தாள். "இருன்னு சொல்லல தங்கம். போறப்ப வர்றேன்னு சொல்லோணும். அவ்வளவுதான்."

பிறகு ஜன்னலோரம் போய்க் கொண்டையை அவிழ்த்தாள். காற்று வந்தது. காதோரம் மெல்லக் கேட்டது:

"போயிட்டு வர்றேன்க்கா."

நிலை என்ற இடத்தில் 'வரும்' என்று மாற்றினாள். ஈரம் முழுதும் போகும்வரை விரல்களால் முடியைக் கோதிக்கொடுத்தாள். மருதமலைக்கு மேலே, ஒரு சீப்பு அளவுக்கு மேகம் கூடியது.