எனவே தங்கியிருந்த வீடு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமைதோறும் ஆளுக்கொரு பாடப்புத்தகச் சொல்லை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை அது முழுசாக வகுப்புக்குத் திரும்ப வேண்டும். விதி அவ்வளவுதான்.

முப்பிடாதி ஏற்கெனவே இரண்டு சொற்களைக் கோட்டைவிட்டவள். 'ஆவியாதல்' வீடு வந்து சேருமுன்பே வெயிலில் காணாமல் போனது. 'உறிஞ்சுதல்' குடத்துத் தண்ணீரையெல்லாம் காலி செய்ததால் அம்மா பேச்சி அதை விரட்டிவிட்டாள். மூன்றாவதும் போனால் வருஷம் முழுக்க ஒன்றாம் வகுப்புப் 'பூனை'தான் என்று ஸெலின் டீச்சர் சொல்லிவிட்டார். முப்பிடாதிக்கோ 'கருதுகோள்' மேல் கண். அலமாரி மேல்தட்டில் அது உருண்டையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அவள் எட்டி எட்டிக் குதிப்பாள்.

இந்த வாரம் கிடைத்தவர் 'எனவே'. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, ஒல்லி உடம்பு. வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எனக்கு முன்னால் ஒரு காரணம் வர வேண்டும் அம்மா. இல்லாவிட்டால் நான் நுழைய முடியாது."

"வெளிய வெயிலடிக்கி," என்றாள் முப்பிடாதி.

எனவே உள்ளே வந்தார்.

பேச்சி இட்லி வைத்தாள். அவர் தொடவில்லை. காரணத்தைத் தவிர வேறெதுவும் அவருக்குச் செரிக்காதாம். அந்த வீட்டில் அதற்குத்தான் பஞ்சம். அப்பா பூதத்தான் மினிபஸ் கண்டக்டர். வாயைத் திறந்தால் உத்தரவுதான்.

"குளிட்டி."

"எதுக்குப்பா?"

"குளின்னா குளி."

ஒவ்வொரு முறையும் எனவே ஆசையாக எழுந்து நிற்பார். பிறகு உட்கார்ந்துவிடுவார். எதிர்வீட்டில் தங்கிய 'ஒப்பிடுக' மட்டும் மாமியார் குழம்பையும் மருமகள் குழம்பையும் மாறி மாறி ருசித்துக் கொழுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இப்போது இரண்டு அடுப்பு.

வியாழக்கிழமை காலையில் பாயில் 'என' மட்டும் படுத்திருந்தார். பசியில் 'வே' கழன்று விழுந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்து ஆண்களுக்கு ஒருத்தரையொருத்தர் கூப்பிட 'வே' இல்லாமல் ஆகாது. நம்ம ஊர்ச் சாமான்தானே என்று பூதத்தான் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

"உள்ள போம் வே! சில்லறை எடும் வே!"

பஸ்ஸில் ஒரே நாளில் 'வே' நன்றாகச் சதைபிடித்துவிட்டது. வீட்டில் 'என' முனகிக்கொண்டு கிடந்தார்.

வெள்ளிக்கிழமை முப்பிடாதி 'என'வை இடுப்பில் தூக்கிக்கொண்டு அப்பாவின் பஸ்ஸில் ஏறினாள். பள்ளிக்கூடம் வந்ததும் கையை நீட்டினாள்.

"அப்பா, வேயக் குடுங்க."

"தர முடியாதுன்னா முடியாது."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இவரு செத்துப்போனா எனக்குப் பூனதாம்ப்பா. வருசம் பூரா பூன."

பூதத்தான் மகளைப் பார்த்தார். விசிலை எடுத்தவர் ஊதவில்லை. வண்டி நின்றபடி நின்றது.

"எதுக்குய்யா வண்டி நிக்கி?" என்றார் பின்சீட்டுக்காரர்.

'நின்னா நிக்கும்' என்பது பூதத்தானின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அதை விழுங்கினார்.

"எம் மக பூனையக் கட்டிக்கிட்டு அழக்கூடாது. என..." என்றபடி சட்டைப்பைக்குள் கையை விட்டார், "...வே, வண்டி நிக்கி."

சடக்கென்று ஒட்டிக்கொண்டது. எனவே இடுப்பிலிருந்து இறங்கி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தன் காலால் பள்ளிக்கூடத்துக்குள் நடந்து போனார். முப்பிடாதி குதித்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.

"காரணம் சரிதான்," என்றார் பின்சீட்டுக்காரர்.

அடுத்த திங்கட்கிழமை முப்பிடாதியோடு கருதுகோள் வந்தது. கோள் அல்லவா, வாசல் வழியாக வரவில்லை. வீட்டைச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றுக்கு ஒரு தடவை மொட்டைமாடித் துணிக்கொடியில் இடித்துக்கொண்டது.

"கோளு இடிக்கி," என்றார் பூதத்தான். "எனவே கொடியத் தாழ்த்திக் கட்டு."

பேச்சி தாழ்த்திக் கட்டினாள். அடுத்த சுற்றில் அது இடிக்காமல் போனது.