ஏழாவது அடி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என்னோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே சொன்னது. பாதியைத்தான் நம்பினேன். எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: நாட்டைவிட்டு வந்தவனின் நெஞ்சில் கனக்கும்...

அடித்துவிட்டேன். நெஞ்சைப் பற்றி எழுதுகிறவனை நான் நம்புவதில்லை. கால் போதும்.

அவர் ஊரில் நடிகர். இங்கே அவர் பாஷை செல்லுபடியாகவில்லை, வேஷமும் கிடைக்கவில்லை. படங்களுக்குக் காலடிச் சத்தம் போடப் போனார். திரையில் யார் நடந்தாலும் ஒலிப்பதிவு அறையில் பலகைமேல் நடப்பது இவர் கால். (இப்படியும் ஒரு வேலையா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். இருக்கிறது.)

3

அவரைப் போலவே ஊரைவிட்டு வந்த ஒரு பெண் படம் எடுத்தாள். அவர் தன்னைப் பற்றிச் சொன்னதையும் அதில் சேர்த்திருந்தாள். தம்பி கிளம்புகிறான், அக்கா அடுப்படியிலிருந்து வாசல்வரை வந்து வழியனுப்புகிறாள். பதினோரு அடி.

அக்காவுக்கு இடது செருப்பு கொஞ்சம் இழுபடும். அந்தச் சத்தத்திலேயே அவள் கோபமாக வருகிறாளா, சும்மா வருகிறாளா என்று படுக்கையில் கிடந்தபடி கண்டுபிடித்துவிடுவாராம். ஒலிப்பதிவு அறையிலும் அப்படியே இழுத்து நடந்தார். ஏழாவது அடியில் நின்றுவிட்டார். மறுபடி நடந்தார். ஏழு. மறுபடியும் ஏழு.

"என்னண்ணா, படத்துல அக்கா வாசலுக்கே வந்துட்டாங்க. நீங்க நடுவீட்டுலயே நிக்கிறீங்க?" என்றாள் படம் எடுத்தவள்.

[இங்கே அவர் அழுதார் என்று எழுதியிருந்தேன். அழவில்லை என்கிறார். எடுத்துவிட்டேன்.]

"அக்கா வரலம்மா. பாதி வந்தா, திரும்பிப் போயிட்டா. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். உங்கிட்ட சொன்னது பொய்."

அவள் அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டாள். பிறகு, அக்காவின் முகத்தையே நீக்கிவிட்டு, திறந்த கதவை மட்டும் காட்டி அந்த ஏழு அடியைக் கேட்கவைக்கலாம் என்றாள்.

"எத்தனையோ படத்துக்கு நடந்தீங்க. இன்னைக்குத்தாண்ணா நடிச்சிருக்கீங்க."

சிக்கல் என்னவென்றால், அக்கா உயிரோடு அங்கேதான் இருக்கிறாள். படம் அங்கேயும் ஓடும். ஏழா பதினொன்றா, திங்கட்கிழமைக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.

4

ஒரு முடிவு: பதினொன்று. அக்கா படம் பார்க்கிறாள். ஊர் அவளை மெச்சுகிறது. அவளும் வாசலுக்கு வந்ததாகவே நம்பத் தொடங்குகிறாள். எழுத இனிப்பாக இருந்தது, அதனாலேயே சந்தேகம்.

இன்னொன்று: ஏழு. தம்பி அன்றைக்கு உடனே போய்விடவில்லை, வெளியே காத்து நின்றான் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. அப்புறம் அவள்...

அதற்குமேல் ஓடவில்லை. அவரிடமே கேட்டேன். "நீயே எழுதிக்கய்யா" என்று கிழங்கை அடுப்பில் போட்டுவிட்டார்.

எனக்கு அக்கா கிடையாது. இருக்கிறவர்கள் சொல்லுங்கள், எத்தனை அடி?